சாயாத டிரெய்லர்

டிரெய்லர் மறுபடியும் கவிழ்ந்தது.

கம்ப்யூட்டருக்குள்தான் கவிழ்ந்தது. என்றாலும் நிலவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கன்டெய்னர் பெட்டியைச் சுமந்த அந்த நீள வண்டி நேராகப் போகும்வரை சாதுவாகப் போகும். இடப்பக்கம் திரும்பியதும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்துவிடும். காலையிலிருந்து இதே கதைதான்.

எண்ணூர் சாலையில் டிரெய்லர் கட்டும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு இது முதல் வேலை. சட்டம், அச்சு, ஸ்பிரிங், சக்கரம் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாகச் செய்து, மூட்டுப் போட்டு இணைத்து, எடை கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இரும்பை வெட்டுவதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும் என்பதுதான் இதில் வசதி. ஆனால் முதலாளி ராசையாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நிலவன் கம்ப்யூட்டரில் ஒரு வண்டியை முடிப்பதற்குள் அவர் நிஜத்தில் இரண்டைக் கட்டி யார்டில் நிறுத்திவிட்டார்.

நிறுத்திய வண்டி கவிழும் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? போன வருடம் ஒரு பொறியாளர் அவர் வண்டியில் குறை சொன்னார். இப்போது பாரிமுனையில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருக்கிறார்.

முதலாளி மதியம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். நிலவன் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினான். வண்டி தவளை மாதிரி தத்தித் தத்திப் போய்க் கவிழ்ந்தது. டயருக்குப் பிடிப்பைக் கூட்டினான். முன்பைவிடச் சீக்கிரமாகக் கவிழ்ந்தது. ஒருவேளை தன் கணக்கில்தான் எங்கோ தப்போ என்றும் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வெளியே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

பயத்தில் கை தானாக வேலை செய்தது. வண்டியின் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மூட்டைப் போட்டான். வண்டி முன்னே போகலாம், திரும்பலாம், சாய மட்டும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே கூட வரும். அந்த மூட்டின் அடையாளம் திரையில் தெரியாதபடி மறைத்தும் வைத்தான்.

ராசையா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது கிலோமீட்டர் வேகத்துல திரும்புதாடே?”

“திரும்புது சார்.”

திரும்பியது. துளிகூடச் சாயவில்லை.

“நாப்பது போடு.”

திரும்பியது.

“அம்பது?”

ஐம்பதிலும் வண்டி கோயில் தூண் மாதிரி நிமிர்ந்தே திரும்பியது. ராசையாவின் முகம் மலர்ந்தது. “நாளைக்கு யார்டுல முப்பதுல ஓட்டச் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப என்ன பயம்? அம்பதுலயே ஓட்டிருவோம். நீயும் ஏறிக்க.”

“நானா சார்?”

“கணக்குப் போட்டவன் மொத ஓட்டத்துல வண்டியில இருக்கணும்லா. நம்ம கம்பெனி வழக்கம் உனக்குத் தெரியாதா?”

நிலவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

“சார், காலைலேந்து காய்ச்சலா இருக்கு.”

“காத்தாடப் போனா சரியாயிரும்.”

“மொதல்ல காலிப் பெட்டிய வெச்சு ஓட்டிப் பாக்கலாமே சார்.”

“காலிப் பெட்டிக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடே? முழு லோடு ஏத்தச் சொல்லுதேன்.”

வாயைத் திறக்கத் திறக்க வண்டியின் எடைதான் கூடியது. நிலவன் வாயை மூடிக்கொண்டான்.

வியாசர்பாடி வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. அம்மா தாயம்மா விஷயத்தைக் கேட்டதும் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். “அவன் கட்டுன லாரில அவனையே குந்த வெச்சு இட்டுகினு போறாங்களாம்” என்று பெருமை பேசினாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். எது போனாலும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை யார்டில் முதல் வண்டி முழு லோடுடன் நின்றது. ராசையா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்த வண்டியையும் எடுக்கவிடமாட்டார். பழம் வைத்தாயிற்று. ஓட்டுநர் அம்புரோஸ், ராயபுரத்துக்காரர், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?”

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போலாமா?”

“மொதலாளி அம்பதுன்னா அம்பதுதான். நீ கம்முனு குந்து.”

வண்டியின் வலப்பக்கத்திலிருந்து புதுப் பெயிண்ட் வாடை குப்பென்று வந்தது. அம்புரோஸ் பாக்கை மென்றபடி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சாவகாசமாக ஓட்டினார். யார்டின் கோடியில் வளைவு தெரிந்தது. நிலவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். திருவொற்றியூர் அம்மனுக்கு ஒன்று, பெரியபாளையத்தாளுக்கு ஒன்று என்று அவசரமாக இரண்டு வேண்டுதல் வைத்தான்.

வண்டி திரும்பியது. அசையக்கூட இல்லை.

கண்ணைத் திறந்தபோது தூரத்தில் ராசையா கை தட்டிக்கொண்டிருந்தார். நிலவனால் நம்ப முடியவில்லை. அப்படியென்றால் வண்டி நல்ல வண்டிதான், கம்ப்யூட்டரில் கவிழ்ந்ததெல்லாம் தன் கணக்கின் தப்புதான். தப்பான கணக்குக்குப் பயந்தா ராத்திரி முழுக்கச் சோறில்லாமல் கிடந்தோம் என்று வெட்கமாக இருந்தது. கீழே இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

“படத்துல பாத்த மாதிரியே போச்சேடே” என்று ராசையா அவன் முதுகில் தட்டினார்.

முதுகில் தட்டினால் சிலருக்கு நாக்கு நீளும். “இன்னொரு வண்டி நிக்குதே சார், அதையும் இப்பவே பாத்துடலாம். அறுபதுல. நானே ஏறிக்கிறேன்” என்றான் நிலவன்.

பின்னால் நின்ற அம்புரோஸ் இருமினார். நிலவன் திரும்பவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். பெரிய மனிதர்கள் பேசும்போது இவர் வேறு என்று நிலவன் கையைத் தட்டிவிட்டான்.

“ஆம்பளடா” என்றார் ராசையா. அடுத்த நிமிடம் இரண்டாவது வண்டியின் டயருக்கு எலுமிச்சம்பழம் வந்துவிட்டது.

இந்த முறை நிலவன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். அம்புரோஸின் வாயில் பாக்கு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“இன்னாண்ணே, நீ போயி பயப்படற? நா கணக்குப் போட்ட வண்டி. சாயாது.”

அம்புரோஸ் கியரை மாற்றினார். முள் அறுபதைத் தொட்டது. கண்ணாடியில் முதலாளி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வளைவு நெருங்கியபோது, அம்புரோஸ் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்:

“மொத வண்டி போன வாரமே இதே வளைவுல சாஞ்சிச்சு நைனா, மொதலாளிக்குப் பயந்துகினு சாயாம இருக்க அதுக்கு அடில வெயிட்டுக்குத் தண்டவாளத்த வெச்சு வெல்டு அட்ச்சோம், இதுக்கு இன்னும் அடிக்கல.”