வாசிப்பு மாலைக்கு வயலின் வந்தது

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இன்னும் உயிரோடு இருக்கும் உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் மனைவி நலம், உன் மருமகளான என் பெண்ணும் நலம் என்றே நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், அவளிடம் கேட்டால் "ம்" என்கிறாள். அந்த "ம்" நலத்துக்கா, நலமில்லாததற்கா என்று பிரித்துச் சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேறுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல். மாடி வீடு வாங்கும்போதே நான் சொன்னேன், என் பேச்சை யார் கேட்டார்கள். அது போகட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை உன்னிடம் அனுப்பிவிடும்படியும், பக்கத்துத் தெருவிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருப்பதாகவும், மேல்மாடி அறை சும்மா கிடப்பதாகவும், கலகலவென்று இருந்த பெண்ணை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஊமையாக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று கீழே கோடும் போட்டிருந்தாய். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் இத்தனை நாளும் வேலைக்குப் போய்வந்தேன். முடியாது என்று எழுத மனம் வரவில்லை, சரி என்று எழுதக் கை வரவில்லை. அவளிடமும் காட்டினேன். முழுதாகப் படித்தாள், மடித்துக் கொடுத்தாள், "ம்" என்றாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, எனக்கு அவளை அனுப்ப விருப்பமில்லை. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து அறையில் பேசாமல் இருக்கட்டும்.

என் மனைவி சொல்வதே வேறு. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும். கற்றுக்கொள்பவர் சுவரைப் பார்த்துப் போனால் நான் அழுத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பெண் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறதாம், அவள் இரண்டாவது வார்த்தைக்குப் போவதற்குள் நான் புத்தி சொல்லி வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேனாம். இதை என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஊசி குத்துகிற வேலை பார்ப்பவள், வலிக்காத மாதிரிதான் குத்துவாள், அப்புறம்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது பெண்ணுடைய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க எங்கள் பகுதி நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நூலகர் அம்மாவுக்கு உஷ் அம்மா என்று பெயர். பேசுகிறவர்களைப் பார்த்து உஷ் உஷ் என்று சொல்லிச் சொல்லி அவருடைய உதடே அந்த வடிவத்தில் நின்றுவிட்டது. வாசலில் பெரிய பலகை. "வரவிருக்கும் நிகழ்ச்சிகள்: பதின்ம வயதினருக்கும் குடும்பத்தினருக்கும்" என்று தலைப்பு, கீழே வெறும் பலகை. அந்தத் தலைப்பையே திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் வீட்டில் பதின்ம வயது இருக்கிறது, குடும்பமும் இருக்கிறது, இரண்டையும் சேர்க்கிற அந்த "உம்" மட்டும்தான் காணோம். அதிலும் பாதி, ஒரு "ம்", அவள் வாயில் இருக்கிறது. மீதியைத்தான் தேட வேண்டும். உஷ் அம்மாவிடம் விசாரித்தேன். சனிக்கிழமைதோறும் ஏதாவது நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். குடும்ப வாசிப்பு மாலை, சதுரங்கம், சைக்கிள் பழுது பார்க்கப் பழகுவது, விடுகதைப் போட்டி என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். ஆனால் யாரும் வருவதில்லை. போன மாதம் பதின்ம வயதினருக்கான கலந்துரையாடலுக்கு வந்தவர் ஒரே ஒருவர், அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்த பெரியவர். சரியாக விளம்பரம் செய்ய ஆளில்லை என்று உஷ் அம்மா என் வண்டியின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த எழுத்து என் கைவண்ணம் என்று நான் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

அப்புறம் என்ன, பலகை என் தலையில் விழுந்தது. முதல் நிகழ்ச்சி வாசிப்பு மாலை. இதற்கு நம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்க என்று ஏதாவது ஒரு பேச்சு தொடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். நேரம் முடிந்தால் மணியடிக்க ஓர் ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று கேட்டதற்கு "ம்" என்றாள். இது நல்ல "ம்" என்று எடுத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து பலகையை எழுதினேன். நான் எழுதியதை அப்படியே தருகிறேன், நீயே நியாயம் சொல்: "குடும்ப வாசிப்பு மாலை. நன்றாக வாசிப்பவர்களும் இப்போதுதான் வாசிக்கப் பழகுபவர்களும் மேடையேறி வாசிக்கலாம். வயது வரம்பு இல்லை. சொந்தமாகக் கொண்டுவரலாம். இல்லாதவர்களுக்கு இங்கேயே தரப்படும்." புத்தகம் என்ற சொல் எங்கே என்று நீ கேட்பாய். பின்னால் ஊரே கேட்டது. நூலகத்தில் புத்தகத்தைத் தவிர வேறு எதை அக்கா வாசிப்பார்கள்?

தொடர்புக்கு என் போன் எண்ணைத்தான் போட்டிருந்தேன். அழைப்புகள் வரத் தொடங்கின. நான் வண்டியில் ஒருவருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி எல்லாருக்கும் பதில் சொன்னேன். ஒருவர் சத்தமாக வாசிக்கலாமா என்று கேட்டார், தாராளமாக, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றேன். இன்னொருவர் வீட்டோடு சேர்ந்து வாசிப்போம், இடம் போதுமா என்றார், அதுதானே எங்களுக்கு வேண்டியது என்றேன். மூன்றாமவர் மேடைக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்குமா என்று கேட்டார், பாவம் கண் பார்வை மங்கலானவர், விளக்கு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து இரண்டு பாயின்ட் ஏற்பாடு செய்தேன். பூக்கடைக்காரர் நேரிலேயே வந்து மாலை யாருக்கு, ரோஜாவா சாமந்தியா என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத மனிதர் என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. நூலகத்தின் மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு, மேடையில் ஒரு மைக் வைத்து, பெண்ணை மணியோடு ஓரத்து மேசையில் உட்காரவைத்தேன். முதலில் வந்தவர் எங்கள் பல் டாக்டர். கையில் நீளமான பெட்டி. பெரிய படிப்பாளி போலிருக்கிறது, அகராதியையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். அவரைப் பார்த்ததும் இரண்டு சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்கு ஓடினார்கள். அடுத்து ஒரு குடும்பம், அப்பா தோளில் பெரிய டிரம், அம்மா கையில் அதன் கால்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு பித்தளைத் தட்டு. பிளக் பாயின்ட் கேட்டவர் கீபோர்டோடு வந்தார், அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. ஊர்வல பேண்டில் வாசிக்கிற ஒருவர் கொண்டுவந்த பித்தளை ஊதுகொம்பு கதவுக்குள் நுழையவில்லை, அதைச் சாய்த்து, திருப்பி, கடைசியில் நான்தான் "லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தேன். இதற்கு நடுவே உண்மையாகவே புத்தகத்தோடு வந்தவர்களும் உண்டு. ஆசிரியர் தம்பதி ஒரு தடித்த நாவலோடும், எனக்குச் சட்டை தைக்கும் தையல்காரர் ஒரு துப்பறியும் கதையோடும் வந்திருந்தார்கள். புத்தகக்காரர்கள் இடப்பக்கமும் வாத்தியக்காரர்கள் வலப்பக்கமும் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் போல உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் மேடையேறிப் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து ஒரு இழு இழுத்தார். கீழே இருந்த உஷ் அம்மா படியேறி வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாசலில் நின்று "உஷ்" என்றார். மெதுவாக வாசிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு டாக்டர் ரொம்ப நயமாகச் சத்தத்தைக் குறைத்தார். உஷ் அம்மா இன்னொரு உஷ் போட்டார், அவர் இன்னும் குழைந்தார். அதற்குள் ஆசிரியர் எழுந்து இது நூலகமா, கச்சேரி மேடையா என்று கேட்க, டிரம் அப்பா எழுந்து வாசிக்கலாம் என்று பலகையில் போட்டிருக்கிறதே, பலகையை வந்து பாருங்கள் என்று சொல்ல, பின்னாலிருந்து ஓர் அம்மா, இல்லாதவர்களுக்கு இங்கேயே தருவதாகப் போட்டிருக்கிறது, எனக்கு ஒரு வீணை வேண்டும், எங்கே வாங்கிக்கொள்வது என்று கேட்டார். பலகையை எழுதியது யார் என்று யாரோ கேட்டதும் கூடமே என் பக்கம் திரும்பியது. என் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை. சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். உஷ் அம்மா முகம் வெளுத்து, இனி நிகழ்ச்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுகிறேன் என்று என் காதருகே சொன்னார். அவர் ரகசியக் குரலில் சொன்னதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போது மணி அடித்தது. விடாமல் அடித்தது. பார்த்தால் நம் பெண். மேசையை விட்டு எழுந்து நேரே மைக்குக்குப் போனாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "அப்பா, நீங்க கதவைப் பாத்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன்.

"எல்லாரும் உக்காருங்க. போர்டுல தப்பு ஒண்ணும் இல்ல. வாசிக்கலாம்னு போட்டிருக்கு, வாசிக்கத்தான் எல்லாரும் வந்திருக்கீங்க. புத்தகம் வாசிக்கிறவங்க ஒருத்தர், வாத்தியம் வாசிக்கிறவங்க ஒருத்தர், ஜோடியா மேடைக்கு வாங்க. கதையில மழை வந்தா டிரம்முல மழை பெய்யட்டும்."

அவள் தொடர்ந்து இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. கூடம் அடங்கி உட்கார்ந்தது. தையல்காரரையும் டாக்டரையும் அவளே ஜோடி சேர்த்தாள். கொலைகாரன் கதவைத் திறக்கிற இடத்தில் டாக்டர் வயலினை ஒரு கீறு கீறினார் பார், ஏற்கெனவே அவரிடம் பல் காட்டியவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியர் நாவலில் கதாநாயகன் பெருமூச்சு விட்டபோதெல்லாம் கீபோர்டும் விட்டது, அந்தக் கதாநாயகன் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை இல்லாதவனாக இருந்ததால் சனங்கள் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள், ஆசிரியரும் கடைசியில் சிரித்துவிட்டார். சத்தம் கேட்டுத் தெருவில் நின்ற பையன்களும் பெண்களும் ஒவ்வொருவராக மேலே வந்து சுவரோரம் நின்றார்கள், எல்லாரும் உஷ் அம்மா இத்தனை நாள் தேடிய பதின்ம வயதினர்தான். முடிவில் உஷ் அம்மாவே ஒரு யானைக் கதையை எடுத்துக்கொண்டு மேடையேறினார், ஊதுகொம்புக்காரர் யானையாகப் பிளிறினார். உஷ் அம்மாவின் வாய் முழுதாகத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். ஓரமாக நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது பலகையை அவள்தான் எழுதுகிறாள். வாசிப்பு மாலை மாதந்தோறும் இதே மாதிரி இரண்டு வாசிப்போடும் நடக்கும். வருகிற சனிக்கிழமை சைக்கிள் பழுது பார்ப்பது, அதற்கடுத்து சதுரங்கம், பெற்றவர்களும் பிள்ளைகளும் எதிரெதிர் அணி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சாப்பிடும்போது அவளே சொல்கிறாள். அம்மாவிடம் விடுகதை கேட்டு எழுதிக்கொள்கிறாள். ஆகவே, அக்கா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பெண் இங்கேயே பேசத் தொடங்கிவிட்டாள், இனி அவளை அங்கே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. நீ வருத்தப்படக் கூடாது. அந்த மேல்மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு, இல்லையென்றால் அத்தான் பழைய பேப்பரைப் போட்டு நிரப்பிவிடுவார். இந்த முடிவில் எந்த மாற்றமும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் இருவருக்கும் உடம்பில் தெம்பும் மனதில் நிம்மதியும் குறையாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, கொஞ்சம் பேசணும்" என்றாள். பேசினாள் அக்கா. என் தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை பேசினாள். பேசியது முழுக்க உன் ஊரைப் பற்றித்தான். உன் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகமும் மேடைப் பேச்சும் பாடமாகவே உண்டாமே, அதை எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "போறேன்னு சொன்னா உங்க முகம் எப்படி ஆகும்னு தெரியும்ப்பா. அதான் வாயே திறக்கல" என்றாள். ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தையும் அத்தானின் முழங்காலையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு. அறையை வாடகைக்கு விடாதே. பள்ளியில் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று உடனே எழுது. இங்கே சனிக்கிழமைகளை இனி நான் நடத்த வேண்டுமாம், பலகையில் மட்டும் கை வைக்கக் கூடாதாம். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது, இரண்டையும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அவள் பேசி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நீயும் அவளைப் பேசவிடு, அக்கா.