கதவுக்குக் காட்டிய சீர்த்தட்டு

விழுப்புரம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி தேவநாதன் அவர்களுக்கு, வெங்கடாசலம் வணங்கி எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நலமும் சம்பந்தியம்மா நலமும், உங்களோடு திண்டிவனத்துக்கு வந்துவிட்ட என் மருமகள் கலைப்பிரியாவின் நலமும், அவள் வயிற்றுப் பிள்ளையின் நலமும் அறிய ஆவல். போனில் பேச நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

ரிட்டையர் ஆனவன் சும்மா கிடந்திருக்கலாம். ரேடியோ அலையில் வேலை செய்யும் டேக், டோல்கேட்டுக்குக் காரில் ஒட்டுகிறார்களே அதற்குத் தம்பி மாதிரி, நாணயம் அளவு இருக்கும், அதை வாங்கி வீடெல்லாம் ஒட்டினேன். சமையல்கட்டு டேக்கில் போன் பட்டால் மோட்டார் ஓடும். கையில் போனோடு நான் காபிக்குப் போகும்போதெல்லாம் அது ஓடி, தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த மல்லாட்டைக் கடலை முளைத்தே விட்டது. அதோடயாவது விட்டேனா? வாசல் கதவுக்கும் டேக் காட்டினால் திறக்கும் பூட்டைப் போட்டு, தெரு முழுக்கப் பெருமை பேசி, வளைகாப்புக்கு வரும் உங்களுக்கும் ஒரு டேக்கை மஞ்சள் தடவி அனுப்பினேன். நீங்களோ சம்பந்தி வீட்டு மரியாதை வெறுங்கையில் வரக்கூடாது என்று அதை எவர்சில்வர் தட்டில் பூவுக்கு நடுவே ஒட்டிக் கொண்டுவந்தீர்கள். உலோகத்தில் ஒட்டினால் டேக் வேலை செய்யாதாம். டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்குது. கண்ணாடியை மாட்டிக்கினு படிச்சிருக்கணும், படிக்கல.

ஏழு தட்டோடு உங்கள் சொந்தபந்தமெல்லாம் நிற்க, கதவுக்கு ஆரத்தி சுற்றுவது போல நீங்கள் தட்டைக் காட்டக் காட்ட, "அனுமதி இல்லை, அனுமதி இல்லை"ன்னு அந்தப் பூட்டு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிக்கினே இருந்துச்சு. பத்தரைக்கு ராகுகாலம். பேஜாராப் போய், ஜன்னல் வழியா உங்களைக் கொல்லைப்பக்கமா வரச் சொல்லிட்டேன்.

"சீர்த்தட்டோட கொல்லப்பக்கமா வரணுங்களா, சம்பந்தி?" என்று கேட்டீர்கள். வேனைத் திருப்பினீர்கள். அந்தக் கொல்லை வழியாகவே கலைப்பிரியா பையோடு வந்து உங்களோடு ஏறிக்கொண்டாள்.

வந்தவங்க யாரும் சாப்பிடல. ஏழு வகைச் சாதத்தையும் நானும் என் சம்சாரம் கெங்கம்மாளும் மூணு நாள் தின்னோம், ஒரு வாய்கூட ஒழுங்கா இறங்கல. துபாயில் வீடியோவில் பார்க்கக் காத்திருந்த மகன் ராஜ்குமார் அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

டேக்கைத் தட்டில் ஒட்டியது தங்கள் தப்புதான் என்று சம்பந்தியம்மா கெங்கம்மாளிடம் போனில் அழுதார்களாம். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரியாமல் செய்ததை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. ஒன்பதாம் மாதத்திலாவது வளையல் அடுக்கிக்கொள்ள மருமகளை அனுப்பி வையுங்கள். தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
வெங்கடாசலம்

பி.கு.: ஒட்டிய கவரைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். தப்பு தட்டில் இல்லை. அந்தப் பூட்டுக்கு உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. கையால் திருகினால் கதவு திறந்துவிடும். டேக் இல்லாமல் திறக்காது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தவன் என்பதால், திருகப் போன கெங்கம்மாள் கையை மூன்று தடவை நான்தான் பிடித்து இழுத்தேன். மணையில் உட்கார்ந்திருந்த கலைப்பிரியா அதைப் பார்த்தாள். இன்றுவரை உங்களிடம் அவள் சொல்லவில்லை என்பது சம்பந்தியம்மா அழுததில்தான் எனக்குத் தெரிந்தது. அவளை அனுப்பச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்கள் வாசலில் நிற்கிறேன். திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.