பூட்டு அண்ணாச்சியும் மூன்றாம் மாடிப் புகையும்

லாட்ஜுக்குப் போனால் மனிதர்கள் முதலில் கட்டிலைப் பார்ப்பார்கள், அப்புறம் பாத்ரூமைப் பார்ப்பார்கள். தப்பித்து ஓடும் வழியைப் பார்ப்பவர் இந்தப் பூமியில் ஒருவர்தான்: எங்கள் பூட்டு அண்ணாச்சி.

கோவில்பட்டியில் உள்ள ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, ஆர்டர் பிடிக்க நாங்கள் இருவரும் ஊர் ஊராக அலைவோம். தீப்பெட்டி ஆபீஸிலேயே தீ விபத்துகளைப் பார்த்து வளர்ந்த மனிதர் என்பதால், அண்ணாச்சி ரிசப்ஷனில் வாடகைக்கு முன்னால் கேட்பது, "மணல் வாளி எங்கன இருக்கு?"

"பூனை கொண்டு வந்திருக்கீங்களா சார்?" என்றார் ஒரு மேனேஜர்.

அடுத்தது பின்பக்கப் படிக்கட்டு. கண்ணை மூடிச் சுவரைத் தடவியபடி இறங்குவார். என்னையும் இறக்குவார். "பொகை சூந்துட்டா கண்ணு எதுக்குடே ஆகும்?" ஒருமுறை எதிரே ஏறி வந்த கல்யாண வீட்டுப் பெண்கள், மத்தியானமே தண்ணி போட்டுவிட்டார்கள் என்று முகம் சுளித்தார்கள்.

அறைக்குள் போனால் தாழ்ப்பாள், சங்கிலி, கதவடியில் மர ஆப்பு, முட்டுக்கொடுக்க நாற்காலி. போதாதென்று தாழ்ப்பாளில் சொந்தப் பூட்டு. சாவியைத் தினம் ஒரு இடத்தில் ஒளிப்பார். இத்தனை காவலும் இரண்டு வேட்டிக்கும் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்க்கும்.

ஒரு மத்தியானம் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் படுத்திருந்தோம். கீழே ஒயர் கருகிப் புகை மேலேறியது. எல்லோரும் லிப்டுக்கு ஓட, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி அலறினார்: "லிப்டுல போவாதீங்க! பின்படி, பின்படி!" சனம் திரும்பி ஓடித் தப்பித்தது. சொன்ன மனிதர் உள்ளேயே இருந்தார்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க!" என்று கதவைத் தட்டினேன்.

"சாவியக் காணலடே. நீ போயிரு."

"நீங்க வராம நான் போவமாட்டேன்."

"ஏலே கிறுக்குப்பயலே, போன்னு சொல்லுதேன்லா!"

அவர் இருமுவது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் அவர் துண்டோடு நின்றபோது இடுப்பில் ஏதோ மின்னியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அரைஞாண் கயித்தைப் பாருங்க அண்ணாச்சி!"

சாவி அங்கேதான் தொங்கியது.

கதவைத் திறந்ததும் ஈரத்துண்டை என் மூக்கில் அமுக்கி, கையைப் பிடித்து, பின்படி வழியாகத் தடவித் தடவி என்னை இறக்கினார். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை, புகையில் ஒன்றும் தெரியவில்லை.

தெருவில் பனியனும் பாதி வேட்டியுமாக நின்றவரைப் பார்த்து லாட்ஜ் ஆட்கள் சிரித்தார்கள். அவருக்கு அது காதில் விழவில்லை. "போவச் சொன்னா போவ வேண்டியதுதான மூதி, செத்துக் கித்துப் போயிருந்தா?" என்று என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். திட்டினாரே தவிர, பிடித்த கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.