கெடாத சஸ்பென்ஷன்

பொய் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். சின்னப் பொய் இல்லை. நாற்பது கிலோ எடையுள்ள பொய்.

காரணம் இருக்கிறது. சனிக்கிழமை எங்கள் ஏரியில் தூண்டில் போட்டி. ஏரி உறைந்து பாறையாகக் கிடக்கும். கெமியார்வி ஊரே அதன்மேல் போய் ஆளுக்கொரு ஓட்டை போட்டு, ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல் இருப்போம். ஆண்டு முழுவதும் அதைத்தான் செய்கிறோம் என்றாலும், அன்றைக்கு அதற்குப் பரிசு உண்டு. மூன்று வருடமாக நான் இரண்டாவது. முதலாவது யார் என்பதைப் பக்கத்து வீட்டு என்சியோ என்னை மறக்கவே விடமாட்டான். ஏனென்றால் அது அவன்தான்.

இந்த வருடம் விடுவதில்லை என்று நான் சபதம் எடுத்த அதே வாரத்தில், காலைக் காப்பியை ஊற்றிக்கொண்டே என் மனைவி தூலிக்கி சொன்னாள்:

"சனிக்கிழமை அம்மாவுக்கு அடுப்பைக் கொண்டுபோய்க் குடுத்துடணும்."

நீராவிக் குளியலறை அடுப்பு. இரும்பு. மாமியாரின் பழைய அடுப்பு விரிசல் விட்டுவிட்டதால் புதிதாக வாங்கி எங்கள் கொட்டகையில் வைத்திருந்தோம். மாமியார் ஹில்க்கா ஏரி நடுவே ஒரு தீவில் தனியாக இருக்கிறார். கோடையில் படகு, குளிர்காலத்தில் மோட்டார் பனிவண்டி. அங்கே போனால் அடுப்பை இறக்கிவிட்டுத் திரும்ப முடியாது. விறகு பிளக்கணும். இறுகிப்போன கதவை இழைக்கணும். கூரைப் பனி தள்ளணும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னில் மிச்சமிருப்பதைத்தான் திருப்பி அனுப்புவார்.

'அன்றைக்குப் போட்டி இருக்கிறது' என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிகிறது.

என்சியோவிடம் யோசனை கேட்டேன். போட்டியில்தான் எதிரி. மற்ற நாளில் அவனும் ஒரு புருஷன்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடு," என்றான்.

"சாவியைப் போட்டா ஓடுதே. கண்டுபிடிச்சுடுவா."

"அப்போ எதையாவது கழட்டிப் போடு. பின் சஸ்பென்ஷனைக் கழட்டு. நாலே போல்ட்டு. பார்க்க பயங்கரமா இருக்கும். பேரிங் போச்சு, ரொவானியெமியிலேருந்து வரணும், திங்கக்கிழமைதான் கிடைக்கும்னு சொல்லு. சனிக்கிழமை காலைல நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு ஏன் இவ்வளவு உதவி பண்றே?"

"நீ வரலேன்னா ரெண்டாவது யாரு வருவா?"

வியாழக்கிழமை மாலை கொட்டகையில் பழைய கம்பளம் ஒன்றை விரித்து, வண்டியை அதன்மேல் பக்கவாட்டில் சாய்த்தேன். வண்டிக்கு அடியில் ஓடும் ரப்பர் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். இருக்கைக்கு அடியில், அந்தப் பட்டைக்குள்ளே, சக்கரமும் ஸ்பிரிங்குமாக ஒரு சட்டம் ஒளிந்திருக்கும். அதுதான் சஸ்பென்ஷன். நம் முதுகெலும்பு இன்னும் ஒரே துண்டாக இருப்பதற்கு அதுவே காரணம். இந்தப் பக்கம் இரண்டு போல்ட், அந்தப் பக்கம் இரண்டு. என்சியோ சொன்னது சரிதான். அவன் சொல்லாதது ஒன்று இருந்தது.

இந்தப் பக்கத்து போல்ட் சமத்தாகக் கழன்று வந்தது. அந்தப் பக்கம் போய்த் திருகினால், போல்ட்டோடு உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றியது. கழற்றியதை மறுபடி மாட்டினேன். அங்கே திருகினால் இது சுற்றியது. இங்கே திருகினால் அது சுற்றியது. நான் வண்டியைச் சுற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு வாய்த்த கைகளோ வண்டியைச் சுற்றி எட்டாதவை.

கொட்டகைக் கதவு திறந்தது. தூலிக்கி, கையில் காப்பியோடு.

"என்ன பண்றே ரெய்யோ?"

"சஸ்பென்ஷன்."

"அது என்ன தப்பு பண்ணுச்சு, சஸ்பெண்ட் பண்ண? விசாரணை வெச்சியா?"

"பேரிங் போச்சு. நேத்தே சந்தேகம்."

"ஐயையோ. சனிக்கிழமை அடுப்பு?"

"அதான் எனக்கும் ஒரே கவலை," என்றேன். முகத்தில் கவலையைக் கொண்டுவர முயன்றேன். கிரீஸ்தான் வந்தது.

அவள் கோப்பையை வைத்தாள். ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்தாள். மறுபக்கம் போய்க் குனிந்தாள்.

"பிடிச்சுக்கிட்டேன். திருகு."

திருகினேன். கழன்றது. நாலும் கழன்றன. பட்டைக்குள்ளிருந்து அந்த நாற்பது கிலோ சட்டத்தை இருவருமாக இழுத்தோம். மாடு கன்று போடும்போது இழுப்பார்களே, அப்படி. கடைசியில் ஒரு ஸ்பிரிங் விடுபட்டு என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. தரையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கே பரிதாபமாக இருந்தது. என்சியோ சொன்னபடி பார்க்க பயங்கரம்.

தூலிக்கி குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாக விரலால் சுண்டிவிட்டாள். ஒவ்வொன்றும் வெண்ணெய்மாதிரிச் சுற்றியது.

"எந்த பேரிங்? ஒண்ணுலயும் சத்தமே வரலையே?"

"அதான் ஆபத்து. சத்தமில்லாம கெட்டுப்போச்சு."

"சத்தமில்லாம கெட்டுப்போறது எப்படின்னு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா அப்படி ஒண்ணோடதான் குடித்தனம்."

ஆனால் அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். "ஆமாம்மா, கழட்டிட்டான்... சனிக்கிழமை வர முடியாது... பாவம், ரொம்ப வருத்தப்படறான்." நான் அதைக் கேட்டபடி கொட்டகையில் நின்று காப்பி குடித்தேன். இவ்வளவு ருசியான காப்பியை நான் எங்கள் வீட்டில் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை ரகசியமாகத் தூண்டில்களைச் சுத்தம் செய்தேன். பனிக்கட்டியில் ஓட்டை போடும் துளைப்பானைத் தீட்டினேன். புழு டப்பாவைத் தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. சன்னல் வழியே ஏரியைப் பார்த்தேன். வெள்ளை வெளியில் ஒரு கறுப்புப் புள்ளி நேராக எங்கள் வீட்டை நோக்கி வந்தது. சீராக வந்தது. கைகளை வீசி வீசி வந்தது.

மாமியார். எழுபத்தெட்டு வயது. தீவிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளில். முதுகில் ஒரு பை.

"மாப்பிள்ளே, என்னால உனக்கு இவ்வளவு கஷ்டமா?" என்றபடி உள்ளே வந்து கட்டைகளைச் சுவரில் சாய்த்தார். மூச்சுகூட வாங்கவில்லை. "ஒண்டியா எப்படிப் பூட்டுவே? தூலிக்கி சொன்னா, மறுபக்கம் ஒரு ஆள் வேணுமாமே. ஸ்பேனர் பிடிக்க வந்தேன். அரிசி பணியாரமும் சுட்டுக்கிட்டு வந்தேன்."

"அத்தே, நீங்க எதுக்கு... பேரிங் திங்கக்கிழமைதானே வரும்..."

"வந்தாச்சு," என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

தூலிக்கி இறங்கி வந்தாள். மேசைமேல் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். எட்டு பேரிங். புத்தம் புதுசு. "நேத்து வேலை முடிஞ்சு கடை கடையா ஏறி இறங்கினேன். உனக்காக."

நான் பேரிங்கைப் பார்க்கவில்லை. அவள் போட்டிருந்த உடையைப் பார்த்தேன். என்னுடைய குளிர் உடை. தோளில் என்னுடைய துளைப்பான். கையில் என்னுடைய முக்காலி. இன்னொரு கையில் புழு டப்பா.

வெளியே என்சியோவின் வண்டி உறுமி நின்றது. தூலிக்கி கதவைத் திறந்தாள்.

"ரெய்யோ எங்கே?" என்றான் என்சியோ.

"வண்டி கழண்டு கிடக்கு, பாவம். அவன் இடத்துல நான் வரேன்."

"நீயா? போட்டிக்குப் பேர் குடுக்கணுமே?"

"குடுத்து ரெண்டு வாரம் ஆச்சு."

என்சியோ என்னைப் பார்த்தான். நான் என்சியோவைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து நாற்பது கிலோ இரும்பை நினைத்துக்கொண்டோம்.

"தூலிக்கி," என்றேன், "நானும்கூட வேணும்னா... பின்னாடி தொத்திக்கிட்டு..."

"அம்மா இந்த வயசுல ஏழு கிலோமீட்டர் சறுக்கி வந்திருக்காங்க. அவங்களை விட்டுட்டு நீ மீன் பிடிக்கப் போவியா?"

மாமியார் என்னை ஆவலோடு பார்த்தார். நான் போகவில்லை.

அன்று பகல் முழுவதும் நல்ல பேரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல பேரிங்குகளைப் பூட்டினேன். பிறகு சட்டத்தை வார்ப்பட்டையால் இறுக்கிச் சுருக்கி, சாய்த்து, பட்டைக்குள் திணித்தேன். கழற்றும்போது கன்றுக்குட்டி என்றேனே; இப்போது அதைத் திரும்ப உள்ளே அனுப்பும் வேலை. முன் போல்ட் இரண்டும் சேர்ந்தன. பின் துளை சேரவில்லை. கடப்பாரையால் நெம்பினேன். சேர்வதுபோல் வந்து, கண்ணடித்துவிட்டு விலகியது. மாமியார் மறுபக்கம் ஸ்பேனரோடு உட்கார்ந்து, என் கல்யாணத்தன்று நான் போட்டிருந்த கால்சட்டை எவ்வளவு குட்டை என்பதிலிருந்து ஆரம்பித்து, வருடவாரியாக வந்துகொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் எனக்குப் புரியலே மாப்பிள்ளே," என்றார் நடுவில். "இப்படி அவசரமா எதுக்கு இதைக் கழட்டினே?"

"உங்க அடுப்புக்காகத்தான் அத்தே. சனிக்கிழமையே வேணும்னு சொன்னீங்களே."

"நானா? ஈஸ்டருக்குள்ள வந்தா போதும்னுதானே சொன்னேன். சனிக்கிழமைன்னு சொன்னது தூலிக்கி."

என் கை நின்றது. கடப்பாரை நழுவியது. அந்த அதிர்ச்சியில் சட்டம் நகர்ந்து, பின் துளை தானாகவே சேர்ந்துகொண்டது.

இருட்டும்போது தூலிக்கி வந்தாள். வாளி நிறைய மீன். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் பதக்கம். என்சியோ வாசலிலேயே திரும்பிப் போய்விட்டான். இரண்டாவது இடம் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

"எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணியா?" என்றேன்.

"மூணு வருஷமா நானும் வரேன்னு சொன்னேன். வண்டி ஒண்ணுதான், துளைப்பான் ஒண்ணுதான், உனக்குக் குளிரும்னு சொன்னே. அதான் அடுப்பைச் சொன்னேன். சனிக்கிழமைக்குள்ள உனக்கு ஏதாவது வியாதி வரும்னு தெரியும்." பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "முதுகுவலிதான் வரும்னு நெனச்சேன். வண்டிக்கு வரும்னு நெனக்கலே."

மாமியார் சிரித்த சிரிப்பில் பணியாரம் புரையேறியது.

"சரி, அடுத்த சனிக்கிழமை குவோப்பியோவுல பெரிய போட்டி," என்றாள் தூலிக்கி. "ஜெயிச்சவங்க போகணும். வண்டி வேணும். திங்கக்கிழமை பட்டறையில விட்டு ஒரு தடவை பார்த்துக்கறேன். அதுவரைக்கும் அதுல யாரும் ஏறக்கூடாது."

"ஏன்? பூட்டியாச்சே! உங்கம்மாவே கூட இருந்தாங்க!"

"அம்மா பிடிச்ச பக்கம் சரியா இருக்கும். நீ பிடிச்ச பக்கம்தான் சந்தேகம்."

ஒரு நிமிடம் தோற்றவனாக உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. வண்டி இல்லை என்றால் அடுப்பும் இல்லை. நாளை முழுவதும் படுத்துத் தூங்கலாம்.

"அப்போ அடுப்பு ஈஸ்டருக்குப் போகட்டும், இல்லையா அத்தே?" என்றேன், என்னால் முடிந்த அளவு வருத்தத்தோடு.

"வந்தது வந்துட்டேன், நாளைக்கே கையோட கொண்டு போயிடலாம்," என்றார் மாமியார். என் தோள்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கண்ணாலேயே அளந்தார். "தூலிக்கி, சறுக்குவண்டி இழுக்கக் கலைமானுக்கு உங்கப்பா பூட்டின சேணம் பரண்ல கெடக்கும் பாரு. ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டா மாப்பிள்ளைக்குச் சரியா இருக்கும்."