முத்து பாபு தூங்குகிறார்

மீன் குழம்பை வைத்த அன்றே சாப்பிட்டுத் தீர்க்கிறவர்களை நான் நம்புவதில்லை. குழம்புக்கு மறுநாள்தான் புத்தி வரும் என்பது எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஞானம். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது கொண்டுவந்த சீதனத்தில் இன்றுவரை தேயாமல் இருப்பது அது ஒன்றுதான். அதை நம்பித்தான் ஒரு சொகுசுக் கப்பலில் என் புருஷனை... இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை எங்கள் இருவரையும் பிடித்தது. எனக்கு லேசாகத்தான். இவருக்கு (வங்கியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், எங்கள் ஊர்க் குடும்பத்துப் பிள்ளை, கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தும், வங்காளிகள் மீனில் கடுகு அரைத்து ஊற்றுவதை மன்னிக்காதவர்) ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. சாயங்காலம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்வாள். "உங்கள் பேஷண்ட்..." என்று சொல்லிவிட்டு அவள் காகிதம் புரட்டும் நேரத்துக்குள் நான் செத்துப் பிழைப்பேன். எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். ஆனால் பக்கத்துக் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியானதைப் பார்த்துவிட்டு வந்தவர், வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். போதாததற்கு இருவருக்கும் மூக்கும் வேலையை நிறுத்திவிட்டது. எங்கள் அடுப்பில் பால் கருகினால் எதிர்வீட்டுக்காரர்தான் வந்து சொல்வார்.

கல்கத்தாவிலேயே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகளால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஊரடங்கெல்லாம் முடிந்து, குளிர்காலத்தில் கங்கையில் சொகுசுக் கப்பல் மறுபடியும் ஓட ஆரம்பித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரு அறை பிடித்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவக் கூட்டிட்டுப் போய் நாலு நாள் காத்து வாங்கிட்டு வா. சமையல் மட்டும் கட்டிட்டுப் போகாத, ப்ளீஸ்."

கட்டிக்கொண்டுதான் போனேன். இந்த ஊரில் பேட்கி என்று கொண்டாடும் கொடுவாமீனை லேக் மார்க்கெட்டில் வாங்கி, எங்கள் ஊர்ப்படி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினேன். (தேங்காய் அரைத்த குழம்பு சீக்கிரம் கெடும் என்பது இன்னொரு ஞானம். அது அன்று லீவில் இருந்தது.)

படகுத்துறையில் தத்தா என்ற இளம் மேனேஜர் எங்கள் நெற்றியில் காய்ச்சல் துப்பாக்கியை நீட்டினார். மாஸ்க்குக்கும் பிளாஸ்டிக் முகமூடிக்கும் பின்னால் கண்கள் மட்டும் தெரிந்தன.

"மேடம், வெளிச் சாப்பாடு கூடாது. யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அடுத்த துறையில் இறக்கி, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். மன்னிக்க வேண்டும், அரசு விதி."

கப்பல் பெரியது. ஆட்கள்தான் இல்லை. சாப்பாட்டு அறையில் எல்லா மேஜைகளிலும் தட்டும் துணியும் ஒழுங்காக வைத்திருந்தார்கள்; உட்கார்ந்திருந்தது நாங்களும், எதிர் அறைக் குடும்பமும், வெள்ளைப் புடவை கட்டிய ஒரு வயதான அம்மாவும் மட்டும். எங்கிருந்தோ பியானோ இசை வந்துகொண்டிருந்தது. பியானோவின் மூடி சாத்தியிருந்தது. பூட்டிய அறைகளின் கதவுகளில் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி முத்திரை வைத்திருந்தார்கள். கம்பளத்தின்மேல் சிப்பந்திகள் நடக்கும் சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் முகமில்லாத ஒருவர் பின்னால் நிற்பார். வெளியே பனிமூட்டம். கரை தெரியாது, ஆனால் கரையில் எரியும் சிதையின் நெருப்பு மட்டும் தெரியும்.

அந்தச் சாயங்காலம் இவர் மேல்தளத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லாருக்கு, கேட்டியா" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தானாகச் சொன்ன சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறைக்கு வந்து திருட்டுத்தனமாக மீன் குழம்பு சாப்பிட்டோம். மிச்சத்தை அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் எழுந்ததும் தும்மினார். மேல்தளத்துப் பனி வேலையைக் காட்டிவிட்டது. மூக்கு ஒழுகியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நான் திரும்ப அங்க போவமாட்டேன். என்னைய அனுப்பிராத."

அதைக் கேட்டபின் அரசு விதியாவது ஒன்றாவது.

"ஒரு பயலும் உங்களத் தொட முடியாது. கதவத் தாழ் போட்டுக்கிடுங்க. நான் தனியா வந்து கூப்பிட்டா மட்டும் தொறங்க. என்கூட வேற குரல் கேட்டா மூச்சுகூட விடக் கூடாது, சொல்லிட்டேன்."

தலையாட்டினார். (கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காதவர்.)

"முத்து பாபு வரவில்லையா?" என்று காலையில் தத்தா இவரை விசாரித்தார். தூங்குகிறார் என்றேன். மத்தியானமும் தூங்குகிறார் என்றேன். சாயங்காலமும் அதையேதான் சொன்னேன். மறுநாள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவரிடமும், "வேண்டாம், தூங்குகிறார்" என்றேன். அவர் மூடிய கதவைப் பார்த்தார், ஓர் அடி பின்வாங்கினார், கைகூப்பிவிட்டுப் போனார்.

அதன்பிறகு கப்பலே மாறிப்போயிற்று. எதிர் அறைக் குடும்பம் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளோடு வேறு தளத்துக்குப் போனது. பியானோ நின்றுவிட்டது. எங்கள் கதவுக்கு வெளியே யாரோ ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஜாடி நிறைய நிலச்சம்பங்கி. நான் போகும் இடமெல்லாம் சிப்பந்திகள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்கள். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தத்தா, திடீரென்று "தீதி" என்று அக்கா முறை வைத்தார். மத்தியானம் மற்றவர்களுக்கு மீனும் இறாலும் போயிற்று. எனக்கு மட்டும் பச்சரிசிச் சோறு, வேகவைத்த வாழைக்காய், கொஞ்சம் நெய். உப்பு கேட்டேன். பரிமாறியவரின் கண் கலங்கியது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவளுக்கு அது துக்கம் காக்கிறவர்களின் சாப்பாடு என்று தெரிந்திருக்க வேண்டும். வாயோடு மூளைக்கும் மாஸ்க் போட்டிருந்தேன் போலிருக்கிறது.

எங்கள் வரிசை அறையில் யாரோ செத்திருக்கிறார்கள், அதை இவர்கள் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். (அவர்கள் கணக்கில் முடிவு சரிதான். செத்தது யார் என்பதுதான் எனக்குத் தெரியாது.) பயத்தில் வாசற்படியில் திருநீற்றைத் தூவினேன். அதைப் பார்த்தபின் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டதாம்.

சாயங்காலம் மேல்தளத்தில் தனியாக நின்றேன். பனிக்குள்ளிருந்து வெள்ளைப் புடவை அம்மா வந்து என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது.

"அழுதுவிடு, அம்மா" என்றார் வங்காளத்தில். "நானும் என்னவரை ஒரு ராத்திரி யாருக்கும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தேன். சொல்லியிருந்தால் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கடைசியில் அப்படித்தான் போனார். ஆனால் அந்த ஒரு ராத்திரி எனக்குக் கிடைத்தது."

 பேய்க்குக் கால் பாவாது என்பார்களே என்று குனிந்து பார்த்தேன். வெள்ளைத் துணிச் செருப்பு, தரையில்தான் இருந்தது. பின்னால் தத்தா, கப்பல் டாக்டர், இரண்டு சிப்பந்திகள். தத்தா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தீதி, முத்து பாபு போய் எவ்வளவு நேரம் ஆயிற்று?"

"எங்கே போய்?"

"எங்களுக்குக் கோபமில்லை. வாசனை நேற்று ராத்திரியே தெரிந்துவிட்டது. பக்கத்துக் கரையிலேயே தகனம் செய்யும் காட் இருக்கிறது. நீங்கள் முகம் பார்க்கலாம், எல்லாம் முறைப்படி செய்யலாம். நான் பொறுப்பு."

சிரிப்புதான் முதலில் வந்தது. அவர் தூங்குகிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் நான் போனபோது தாழைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வந்ததும் தாழ் விழும் சத்தம் கேட்டதா? கேட்ட நினைவு இல்லை. ஊருக்கே தெரிகிற வாசனை எனக்குத் தெரியாது. நிஜமாகவே தூங்குகிறாரா என்று நான் பார்க்கவே இல்லையே.

ஓடினேன். ஆஸ்பத்திரிப் போனில் கேட்ட காகிதம் புரளும் சத்தம் காதுக்குள் கேட்டது. கதவு திறக்கவில்லை. தட்டினேன்.

"ஏங்க!"

சத்தமில்லை. கதவின் கீழிடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ மெல்லக் கசிந்து வந்தது. பின்னால் வந்து நின்ற அந்த அம்மா முணுமுணுப்பாக, சாவுக்குச் சொல்வதுபோல, ஹரியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஏங்க! நான்தான்! ஒரு வார்த்தை பேசுங்க!"

இல்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறைத்து மறைத்து நானே கொன்றுவிட்டேன், ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார். மூளை அத்தோடு நின்றுவிட்டது. நின்ற மூளையிலிருந்து, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் என் வாயில் வராத அவர் பெயர் வந்தது.

"சுடலைமுத்து! ஏ சுடலைமுத்து!"

தாழ் விலகியது. கதவு திறந்தது. புகைமண்டலத்துக்கு நடுவே, தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வை போர்த்திய உருவம் ஒன்று நின்றது. தத்தா நிலச்சம்பங்கி ஜாடியின்மேல் உட்கார்ந்தார். சிப்பந்திகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"பேரச் சொல்லியா கூப்பிடுத?" என்றது உருவம். "அதுவும் இத்தனை பேருக்கு முன்னால?" என்று கேட்டுவிட்டுத் தும்மியது.

அறையில் இருந்த மின்சாரக் கெட்டிலைத் திறந்துவைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தாராம். வெளியே வேறு குரல் கேட்டதால், நான் சொன்னபடி மூச்சுகூட விடவில்லையாம். வாழ்க்கையில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டதற்கு இந்த மரியாதையா என்று வெகுநேரம் சண்டை போட்டார். நான் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து, அத்தனை பேர் முன்னாலும் ஊரே கூடும்படி அழுதேன். வெட்கமாகவே இல்லை. அந்த வெள்ளைப் புடவை அம்மா போர்வையோடு சேர்த்து அவர் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தார். குழம்பு அழுகிக் கிடந்த தூக்குச்சட்டியைத் தத்தாவே கையை நீட்டிப் பிடித்தபடி தூக்கிப் போய், எதையோ கரைப்பதுபோல ஆற்றில் கவிழ்த்தார். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் இவருக்கு வெறும் சளிதான். எங்களை இறக்கிவிடவில்லை, அறையை மட்டும் மாற்றினார்கள். பழைய அறையின் கதவில் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி முத்திரை வைத்தார்கள்.

இன்றும் மகள் போன் செய்து, "அப்பா எங்கே?" என்று கேட்பாள். தூங்குகிறார் என்பேன். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா, தத்தா பாபுவ அனுப்பட்டுமா?" என்பாள். நானும் சிரிப்பேன். எங்கள் குடும்பத்தில் இனி யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் சில நாள் இவர் குளிக்கப் போய், தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகும் வெளியே வர மாட்டார். கதவருகே போய் நிற்பேன். ஏங்க என்பேன். பதில் வராது. வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

"இருக்கேம்லா" என்று உடனே குரல் வரும்.