பாதுகாக்கப்பட்ட ஒழுகல்

காவல்காரர் வீட்டுக் கூரை ஒழுகியது. கூரை என்று ஒன்று இருந்தால் ஒழுகும். ஒழுகினால் குடியிருப்பவர் ஏறி அடைப்பார். உலகத்தில் அதுவரை அப்படித்தான் நடந்து வந்தது. அந்த நம்பிக்கையில்தான் காவல்காரர் தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். கீழே அவர் மனைவி ஒரு கையில் ஏணியையும் இன்னொரு கையில் பாப்பாவையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா அப்புங்க. இன்னொரு மழைக்கு இவ தாங்கமாட்டா. நெஞ்சுல கர்ருகர்ருனு இழுக்குது."

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. விண்வெளிப் பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரி இறங்கினார். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் எழுத்தர் பின்னாலேயே இறங்கினார்.

"யோவ்! வரலாத்து மேலருந்து கைய எடுய்யா!"

காவல்காரர் பதறிப்போய்க் கையை எடுத்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை, ஒரு காலத்தில் விண்வெளி ஆய்வு நிலையத்தின் அறை. நாட்டின் முதல் செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்ததும் போட்ட கீச்சுச் சத்தத்தை, பொறியாளர்கள் இங்கே உட்கார்ந்துதான் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் வானொலிப் பேட்டியில், "அன்னைக்கு நல்ல மழை. தலைமேல ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. நாங்க அசையலையே" என்று சொல்லித் தொலைத்தார். இலாகா அதைக் கேட்டுவிட்டது.

"ஆகவே, அன்று ஒழுகிய கூரை இன்றும் ஒழுகும். என்றும் ஒழுகும்" என்றார் அதிகாரி.

"ஒழுகும்" என்றார் எழுத்தர்.

"கைக்குழந்தை இருக்கு சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"இருக்கட்டும்மா. குழந்தைய நாங்க ஒண்ணும் சொல்லலையே. எங்க பொறுப்பு ஒழுகல் மட்டும்தான்."

'பாதுகாக்கப்பட்ட ஒழுகல். தொடாதீர்' என்று பலகை வந்தது. பார்வையாளர்கள் நனைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அறையில் நனையாத பக்கம் முழுவதையும் கயிறு கட்டி அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பாப்பாவின் படுக்கை அங்கேதான் இருந்தது. அது ஒழுகல் பக்கம் இடம் மாறியது.

"அப்ப நாங்க எங்க சார் படுக்கிறது?"

"வரலாற்றுக்குள்ளயே படுக்கலாமேம்மா! எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?"

கொஞ்ச நாளில் ஒழுகல் பார்த்துவிட்டு வருவது நாகரிகமாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஜோடி ஜோடியாக வந்தார்கள். அண்ணாந்து பார்த்து, "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுல்ல?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மேற்பார்வையாளர் மனைவிக்குத்தான் வயிற்றெரிச்சல்.

"உனக்கென்னடி, குடுத்து வெச்சவ. எங்க வீட்டுலயும் இருக்கே கூரை, தண்டம். ஒரு சொட்டு விடமாட்டேங்குது."

மறுநாள் அவள் வீட்டுக் கூரைமேல் சுத்தியல் சத்தம் கேட்டது.

பிறகு மழைக்காலம் முடிந்தது. அப்பாடா என்று காவல்காரர் மனைவி பாயை வெயிலில் காயப்போட்டாள். பாயின் ஈரம் போவதற்குள் ஆணை வந்துவிட்டது: 'காவல்காரர் தம் பணிகளுடன், மழையின் பணிகளையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிப்பார்.'

அன்று முதல் பார்வை நேரத்தில் காவல்காரர் கூரைமேல் நின்று தண்ணீர் ஊற்றினார். கீழேயிருந்து எழுத்தர் கத்துவார்:

"இன்னும் ஊத்துய்யா! அன்னைக்கு நல்ல மழை!"

"அது வானம் சார்! இது வாளி!"

மழைக்காலத்திலாவது நடுவில் வெயில் வரும். பொறுப்பு மழைக்கு லீவே இல்லை. பாப்பாவின் இழுப்பு கூடியது. மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். "ஈரத்துல போடாதீங்க" என்றார் டாக்டர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கூட்டம் பெருகியதும் அதிகாரிக்கு இன்னொரு குறை கண்ணில் பட்டது. மூலையில் குமிழும் கம்பியுமாக, துருவேறிப்போய் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நின்றது.

"என்னம்மா இது? ஒழுகலை மறைக்குதே!"

"தெரியல சார். நாங்க குடி வரும்போதே இருந்துச்சு."

"வரலாற்றுச் சின்னத்துல தட்டுமுட்டுச் சாமானா? தூக்கி வெளிய போடு."

"வெளிய போடு" என்றார் எழுத்தர்.

உள்ளே இருந்ததையெல்லாம் இலாகாவே பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டது. வெறுங்கூடு பின்வாசலில் மல்லாந்து கிடந்தது. அவள் அதைப் பக்கவாட்டில் புரட்டி, உள்ளே தட்டிப் பார்த்தாள். கெட்டித் தகடு. மேலே தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. அந்த வீட்டிலேயே ஒழுகாத கூரை அதுதான். துணி விரித்துப் பாப்பாவை உள்ளே போட்டாள். வாரம் திரும்புவதற்குள் இழுப்பு அடங்கிவிட்டது.

ஒருநாள் வெளிப்பக்கம் துருவைத் தேய்க்கும்போது சின்னதாகப் பித்தளைத் தகடு தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'முதல் ஒலியைக் கேட்ட கருவி.'

"என்னங்க, கொஞ்சம் இறங்கி வாங்களேன்!"

காவல்காரர் கையில் வாளியோடு வந்து படித்தார். "ஐயையோ! இதுதானா அது? அவங்ககிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"எடுத்துட்டுப் போய்ப் பாதுகாப்பாங்க."

"எங்க வெச்சு?"

காவல்காரர் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அவள் பாப்பாவின் சட்டையைத் தகட்டின்மேல் காயப்போட்டாள்.

அந்த வாரம் வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். அதிகாரி அவளை முன்னால் நிறுத்தினார். "இவங்கதான் ஒழுகலோடயே வாழ்றவங்க."

வந்தவர்களில் ஒரு அம்மாள் உருகிப்போய்க் கேட்டாள்: "இங்க என்னம்மா நடந்துச்சு?"

அவள், "மழை பெஞ்சுதுங்க" என்றாள்.

எல்லோரும் கண்கலங்கிக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டது. பின்வாசலில், பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் கணகணவென்று எதிரொலித்தது.

அதிகாரி முகம் சுளித்தார். "அதைக் கொஞ்சம் அமர்த்தும்மா. ஒழுகல் சத்தம் கேக்கல."

"கேக்கல" என்றார் எழுத்தர்.

ஓடிப்போய்ப் பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய மனிதர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவளும் நின்றாள். ஒன்றும் விழவில்லை. எல்லோர் முகமும் வாடுவதைப் பார்க்க அவளுக்கே என்னவோ போலிருந்தது. கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"என்னங்க, தூங்கிட்டீங்களா? ஊத்துங்க! வந்தவங்க காத்துக்கிட்டிருக்காங்கல்ல!"