எந்த வெர்ஷன் சார்?

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவனைப் போல ஆபத்தானவன் ஊரில் வேறு யாரும் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அந்த ஆபத்து நான்தான்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நிரலை ஒளிக்காமல் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் திறந்த மூல மென்பொருள் பைத்தியம் பிடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டீக்கடைக்காரரிடம்கூட, "மூலத்தை மறைக்கிற மென்பொருளை நம்பாதீங்கண்ணே" என்பேன். (அவர் மூலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "காரத்த கம்மி பண்ணு தம்பி" என்றார்.)

அப்போதுதான் சத்துவாச்சாரியில் எங்கள் திருச்சபை வாலிபர் சங்கம் பட்டிமன்றம் வைத்தது. சிக்னலில் கேமரா வைத்தால் விபத்து குறையுமா, குறையாதா? குறையும் என்று பேச ஜெமிமா, எலும்பு வார்டு நர்ஸ். குறையாது என்று பேச நான். நடுவர், டிராஃபிக் இன்ஸ்பெக்டர். ஜெமிமாவை எனக்குப் பெண் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய அவள் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"செவப்புல பூந்து வர்றவங்க கால நான்தான் தூக்கிப் புடிக்கிறேன், மாவுக்கட்டு போட. கேமரா இருந்தா பயம் இருக்கும்" என்று ஜெமிமா முடித்தாள். கைத்தட்டல்.

நானும் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "கேமராவுக்குப் பயந்து முன்னாடி போறவரு சடார்னு பிரேக் போட்டா, பின்னாடி வர்ற லாரி இன்னா பண்ணும்?" இன்ஸ்பெக்டரே தலையாட்டினார். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். விதி, கேமராவுக்குள் ஓடும் மென்பொருளுக்குத் தாவினேன்.

"எல்லாப் பேஜாருக்கும் காரணம் லைசென்ஸ்! லைசென்ஸ் ஃப்ரீயா இருக்கணும். யாரு வேணா காப்பி எடுக்கலாம், மாத்திக்கலாம், தோஸ்துக்கும் குடுக்கலாம். நானே இருபது பேருக்குக் குடுத்திருக்கேன்!"

விசில் பறந்தது. என் பேச்சுக்குத்தான் என்று நம்பினேன்.

இன்ஸ்பெக்டர் மைக்கை இழுத்தார். "இருபது பேருக்கா? நீயே போட்டுக் குடுத்தியா?"

"ஆமா சார். உங்களுக்கும் ஒண்ணு தர்றேன்."

"மொதல்ல உன் லைசென்ஸ எடு."

"எந்த வெர்ஷன் சார்?"

"வண்டி ஓட்ற வெர்ஷன்."

சபையே குலுங்கியது. ஆம்பூரிலிருந்து நண்பனின் பைக்கில் வந்திருந்த என்னிடம் அந்த வெர்ஷன் மட்டும் இல்லை. மேடையிலேயே சாவியைக் கொடுத்தேன்.

ஜெமிமாதான் எழுந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். "சார், அவரு சொல்றது சாஃப்ட்வேர் லைசென்ஸ். சமையல் குறிப்ப நாலு பேருக்கு எழுதிக் குடுக்கற மாதிரி. அதுல தப்பில்ல." நான் பத்து நிமிடம் கத்தியும் விளங்காதது இன்ஸ்பெக்டருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனாலும் தீர்ப்பு: "கேமரா வேணும். இந்தத் தம்பிக்காகவே வேணும்."

என்னை பஸ் ஏற்றிவிட அவள் அப்பாவே ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கோட்டுக்கு முன்னாலேயே கச்சிதமாக நிறுத்தினார். போச்சு, சம்பந்தம் முறிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணு இவ்ளோ சிரிச்சு நான் பார்த்ததில்ல. ரெண்டு கண்டிஷன். லைசென்ஸ் எடு. மேடை ஏறாத."

லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இரண்டாவதையும் காப்பாற்றி வருகிறேன். எங்கள் கல்யாண வரவேற்பில் நன்றி சொன்னதுகூட மணப்பெண்தான். போன மாதம் மாமனாரின் பிறந்தநாளுக்கு ஜெபம் செய்ய, விஷயம் தெரியாத புதுப் போதகர் என்னை அழைத்துவிட்டார். எழுந்து தொண்டையைச் செருமினேன்.

மாமா மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆமென்."